பொத்தானை யார் வரைவது?

புனே, பெங்களூர், குர்கான் பக்கம் பிள்ளைகளை ஐசிஎஸ்இ பள்ளியில் போட்டிருக்கும் நம்மாட்களுக்கு இது பரிச்சயமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்தால் ஜாவா. ஜாவா என்றால் பெரும்பாலும் ப்ளூஜே என்ற மென்பொருள். பள்ளிக்கூடத்து விண்டோஸ் பொட்டியிலும் அது ஓடும், அம்மாவின் ஆபீஸ் மேக்கிலும் ஓடும், அப்பா ஆசைக்குப் போட்டு வைத்த லினக்ஸிலும் ஓடும். பிள்ளைகள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை. ஓடத்தானே வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த 'ஓடத்தானே வேண்டும்' என்பதற்குப் பின்னால் முப்பது வருஷத்துக் குடுமிப்பிடி சண்டை இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குக் கொசுவத்தி சுத்தப் போகிறேன். டெக்னிக்கல் பதிவுதான், ஆனால் நிரல் வரி ஒன்றுகூட வராது. பயப்படாமல் உள்ளே வாங்க :-)

திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை வரைவது யார்? நீங்கள் எழுதிய நிரலா, விண்டோஸா? கேட்பதற்கு மொக்கையாக இருக்கும். ஆனால் சண்டை மொத்தமும் இந்தக் கேள்வியில்தான்.

கல்யாணச் சமையல் மாதிரி யோசித்துப் பாருங்கள். வெளியூரில் மண்டபம் பிடிக்கிறீர்கள். மண்டபத்தின் பாத்திரத்திலேயே சமைத்துக்கொள்ளலாம். வண்டிச் செலவு மிச்சம். ஆனால் புனேயில் மண்டபம் எடுத்தால் அங்கே இட்லிப் பானை இருக்காது. சரி, எல்லாப் பாத்திரத்தையும் நாமே கொண்டுபோனால்? எங்கே போனாலும் அதே சமையல், அதே ருசி. சுமை மட்டும் நம் தலையில். ஒரு நிரல்மொழி தன் ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் பல இயங்குதளங்களில் காட்ட வேண்டுமென்றாலும் இந்த இரண்டு வழிதான். இயங்குதளம் வைத்திருக்கும் சாமான்களைக் கேட்டு வாங்கலாம், அல்லது வெறும் ஜன்னலை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் நாமே வரையலாம்.

இது ஜாவா கண்டுபிடித்த தலைவலி இல்லை. ஸ்மால்டாக் காலத்திலேயே இருந்தது. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஸ்மால்டாக்-80 எல்லாவற்றையும் தானே வரைந்தது. அதன் வழிவந்த பார்க்பிளேஸ் நிறுவனமும் அப்படியே. எதிர்க்கடை டிஜிடாக், இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களைப் பயன்படுத்தியது. இரண்டு கடையும் 1995-ல் ஒன்றாகிவிட்டன. சண்டை மட்டும் ஓயவில்லை, வேறு வீட்டுக்குக் குடிபோனது. அந்த வீடுதான் ஜாவா.

1995 மே 23 அன்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை உலகுக்கு அறிவித்தது. ஜேடிகே 1.0 வந்தது 1996 ஜனவரியில். ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு என்பதுதான் வாக்குறுதி. ஜாவாவின் தந்தை ஜேம்ஸ் காஸ்லிங் இந்த விஷயத்தில் புது ஆள் இல்லை. எண்பதுகளில் சன் நிறுவனத்துக்காக நியூஸ் என்ற ஜன்னல் அமைப்பை உருவாக்கியவர் அவர். போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை வைத்துத் திரையில் வரையும் அழகான அமைப்பு. எக்ஸ் விண்டோவிடம் தோற்றுப்போனது. அதன்பின் சன் தன்னுடைய ஓப்பன் லுக் தோற்றத்தையும் 1993-ல் கைவிட்டு, போட்டியாளர்கள் வைத்திருந்த மோட்டிஃப் பக்கம் சாய்ந்தது. ஆக ஜாவா வெளியே வந்த நேரத்தில் சன்னின் சொந்த யூனிக்ஸில்கூடப் பொத்தான் மோட்டிஃபுடையது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டுடையது. மேக்கில் ஆப்பிளுடையது.

அவசரம் வேறு. நெட்ஸ்கேப் உலாவிக்குள் ஜாவா வரப் போகிறது. ஆப்லெட் ஆப்லெட் என்று ஊரே பேசுகிறது. எல்லாவற்றையும் சொந்தமாக வரைந்துகொண்டிருக்க நேரமில்லை. மண்டபத்துப் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஏடபிள்யூடி.

அதன் உள்கட்டு சுவாரஸ்யமானது. நீங்கள் ஜாவாவில் ஒரு பொத்தான் உருவாக்கினால் அது வெறும் பெயரளவுப் பொத்தான். அதற்குத் திரையில் உடம்பு கிடையாது. ஜன்னல் திரைக்கு வரும் நேரத்தில், 'டூல்கிட்' என்ற தரகரிடம் போய் எனக்கொரு ஜோடி கொடு என்று கேட்கும். அந்த ஜோடிக்குப் பெயர் பியர். விண்டோஸில் ஓடினால் விண்டோஸ் பொத்தானைக் கையில் வைத்திருக்கும் பியர் வரும், சோலாரிஸில் மோட்டிஃப் பொத்தானை வைத்திருக்கும் பியர் வரும். மேலே ஜாவா நிரல் மாறவே மாறாது. கீழே பியர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். சன்னின் மூலநிரலில் மோட்டிஃப் பியர்களின் பெயர் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும், விண்டோஸ் பியர்கள் 'டபிள்யூ'வில். இந்த முன்னெழுத்துகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காகிதத்தில் பிரமாதம். நடைமுறையில் மூன்று வீட்டுக்கும் பொதுவான சாமான் எதுவோ அதை மட்டும்தான் தர முடிந்தது. 1.0-ல் அட்டவணை கிடையாது, மரக்கிளை மாதிரி விரியும் பட்டியல் கிடையாது. வலது சொடுக்கு மெனுவும், அச்சிடும் வசதியும், வெட்டி ஒட்ட கிளிப்போர்டும் 1.1-ல்தான் வந்தன. இருந்த சாமானும் ஊருக்கு ஊர் வேறு அளவு. விண்டோஸில் சரியாக உட்காரும் பொத்தான் மோட்டிஃபில் தடித்துப்போய்ப் பக்கத்துப் பொத்தானை இடிக்கும். அதனால்தான் இந்தப் பொத்தானை இத்தனாவது புள்ளியில் வை என்று சொல்வதை ஜாவாக்காரர்கள் விட்டார்கள். இது அதற்கு வலப்புறம், இது கீழே, மிச்ச இடமெல்லாம் இதற்கு என்று சொன்னால் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும் லேஅவுட் மேனேஜர்கள் வந்தன. கிரிட்பேக் என்ற ஒன்றிடம் மாட்டி முழித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்றைக்கு விதவிதமான அலைபேசித் திரைகளுக்கு எல்லோரும் செய்வது இதே வேலைதான் என்பதால், அந்த இடிபாட்டிலிருந்து உருப்படியாகக் கிடைத்தது இந்த யோசனை என்பேன்.

அதைவிடப் பெரிய கஷ்டம், வீட்டுக்கு வீடு இருந்த நடத்தை வித்தியாசம். விண்டோஸ் 95-ன் எழுதும் பெட்டிக்கு 64 கேபி உச்சவரம்பு. ஜாவாவுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. ஆனால் பியர் விண்டோஸ் பெட்டியைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது? எந்தப் பெட்டியில் குறிமுள் இருக்கிறது, டேப் விசையை அழுத்தினால் எது அடுத்தது, சுட்டி நகர்ந்த செய்தி யாருக்கு முதலில் போகும், எல்லாம் தளத்துக்குத் தளம் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஒருமுறை எழுது, எல்லா இடத்திலும் சோதித்துப் பார் என்று கிண்டல் கிளம்பியது. நியாயமான கிண்டல்தான்.

1997-ல் வந்த 1.1 ஒரு சின்னக் கதவைத் திறந்தது: பியர் இல்லாமலேயே ஒரு உறுப்பை உருவாக்கி, நீங்களே வரைந்துகொள்ளலாம். இலகு உறுப்பு என்று பெயர். அந்தக் கதவு வழியாகத்தான் பெரிய ஊர்வலமே உள்ளே வந்தது.

முன்னால் வந்தது நெட்ஸ்கேப். 1996 கடைசியில் ஐஎஃப்சி என்ற நூலகத்தைக் கொண்டுவந்தார்கள். நெக்ஸ்ட் கணினியின் சாயல் கொண்டது, எல்லாவற்றையும் தானே வரையும். மைக்ரோசாஃப்டும் ஏஎஃப்சி என்று ஒன்றை இறக்கியது. ஜாவாவுக்குள்ளேயே மூன்று விதப் பொத்தான். சன் விழித்துக்கொண்டு, 1997 ஏப்ரலில் நெட்ஸ்கேப்புடன் சேர்ந்து ஒரே நூலகம் செய்வதாக அறிவித்தது. அதன் உள்வட்டச் செல்லப் பெயர் ஸ்விங். செல்லப் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழி போனது. ஜாவாவிலிருந்து நேரடியாக விண்டோஸைக் கூப்பிடும் வசதி, அதன் மேல் 1998-ல் டபிள்யூஎஃப்சி. விண்டோஸ்காரனுக்கு ரொம்ப வசதி, ஆனால் எழுதியது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஜாவா உரிமத்தை மீறுகிறார்கள் என்று சன் 1997 அக்டோபரிலேயே வழக்குப் போட்டிருந்தது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. டபிள்யூஎஃப்சியின் பின்னால் இருந்தவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், டர்போ பாஸ்கலும் டெல்ஃபியும் செய்தவர். அடுத்து அவர் செய்தது சி ஷார்ப். டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸைத் திறந்து பார்த்தால் டபிள்யூஎஃப்சியின் முகஜாடை தெரியும். பொத்தானை யார் வரைவது என்ற தகராறில் ஒரு புது மொழியே வந்து விழுந்தது என்றால் அது கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

ஸ்விங் 1998 டிசம்பரில் ஜாவா 1.2-உடன் முறைப்படி உள்ளே வந்தது. வெளிச்சட்டகம், உரையாடல் பெட்டி போன்ற ஒன்றிரண்டை மட்டும் இயங்குதளத்திடம் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் அத்தனையும் ஜாவாவே வரைந்தது. எந்தத் தோற்றத்தில் வரைவது என்பதைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். அதே நிரலுக்கு மெட்டல் வேஷம் போடலாம், மோட்டிஃப் வேஷம் போடலாம், விண்டோஸ் வேஷம் போடலாம். விண்டோஸ் வேஷத்தை விண்டோஸில் மட்டும்தான் போட விட்டார்கள் என்பது தனிக் கூத்து.

எனக்கு ஸ்விங் மேல் பாசம் உண்டு. அட்டவணைக்குள் என்ன தகவல் இருக்கிறது என்பதும் அது எப்படித் தெரிகிறது என்பதும் தனித்தனி என்று எனக்குப் புரிய வைத்ததே அதுதான். ஆனால் அந்தக் காலத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் பட்ட பாடும் நிஜம். 2004 வாக்கில் நான் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் ஸ்விங்கில் எழுதிய கணக்கு மென்பொருள். கீழ்த்தளத்தில் தகவல் ஏற்றும் பெண்கள் அதைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது ஜன்னல் நடுவில் சாம்பல் நிறச் சதுரம் நிற்கும். இன்னொரு ஜன்னலை மேலே இழுத்து விட்டு எடுத்தாலும் அதே சாம்பல். வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பார்க்கிறவருக்குச் செத்துப்போன மாதிரி தெரியும். அந்தச் சாம்பல் சதுரம் 2006-ல் ஜாவா 6 வந்த பிறகுதான் ஒழிந்தது.

வேஷத்துக்கு இன்னொரு சிக்கல். அசல் ஆள் புதுச்சட்டை போட்டால் வேஷக்காரரும் ஓட வேண்டும். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி நீலமும் பச்சையுமாக வந்தது. ஸ்விங் அப்போதும் விண்டோஸ் 95 சட்டையிலேயே நின்றது. எக்ஸ்பி தோற்றம் 1.4.2-ல், 2003-ல்தான் கிடைத்தது. லினக்ஸுக்கான ஜிடிகே தோற்றமும் அதே பதிப்பில் வந்தது.

இந்த இடைவெளியில்தான் ஐபிஎம் உள்ளே நுழைந்தது. கனடாவின் ஒட்டாவாவில் ஓடிஐ என்றொரு நிறுவனம் இருந்தது. ஸ்மால்டாக்கில் ஊறியவர்கள். 1996-ல் ஐபிஎம் வாங்கியது. சொந்தமாக வரைவதா கேட்டு வாங்குவதா என்ற பழைய பஞ்சாயத்தை முழுசாகப் பார்த்தவர்கள் அவர்கள். ஸ்டீவ் நார்த்தோவர் முன்னின்று எஸ்டபிள்யூடி என்ற நூலகத்தைச் செய்தார்கள். கேட்டு வாங்கும் கட்சிதான், ஆனால் ஏடபிள்யூடி வழியில் இல்லை. பியர் என்ற தரகரே வேண்டாம் என்றார்கள். விண்டோஸின் ஒவ்வொரு செயல்கூற்றையும் அதே பெயரில் ஜாவாவுக்குள் கொண்டுவந்து, மிச்சம் எல்லாவற்றையும் ஜாவாவிலேயே எழுதினார்கள். பொத்தானுக்கான ஜாவாக் கோப்பு விண்டோஸுக்கு ஒன்று, ஜிடிகேவுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் அத்தனையும் ஒரே மாதிரி. ஒரு தளத்தில் இல்லாத சாமானை மட்டும் வரைந்துகொள்வார்கள்.

2001 நவம்பரில் எக்லிப்ஸ் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. 4 கோடி டாலர் மதிப்பு என்று ஐபிஎம் சொன்னது. திறந்து பார்த்தவர்கள் அசந்து போனார்கள். ஜாவாவில் எழுதியது, ஆனால் அசல் விண்டோஸ் மென்பொருள் மாதிரி இருக்கிறது, மெனு படக்கென்று விழுகிறது. ஸ்விங்கா எஸ்டபிள்யூடியா என்ற சண்டை அப்போது அலுவலக மதியச் சாப்பாட்டு மேசையில் ரஜினி கமல் சண்டைக்கு இணையாக ஓடியது. எஸ்டபிள்யூடிக்கும் விலை உண்டு. வாங்கிய சாமானை நீங்களே ஞாபகமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குப்பை பொறுக்கும் வேலையை ஜாவா பார்த்துக்கொள்ளும் என்று பழகிய கைகளுக்கு அது எரிச்சல். விண்டோஸில் பறந்தது, மோட்டிஃபில் தவழ்ந்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். தமிழ்.

ஜாவாவின் எழுத்துச் சரம் பிறந்ததிலிருந்தே யூனிகோட். யூனிகோடில் தமிழுக்கு 1991-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இடம் உண்டு. ஆக 1996-லேயே ஒரு ஜாவா நிரலின் நினைவகத்துக்குள் 'அம்மா' என்ற சொல் சுத்தமாக உட்கார முடியும். திரையில்? பியர் அதை விண்டோஸ் 95-ன் பொத்தானிடம் கொடுக்கும். அதற்கோ யூனிகோடே தெரியாது. வரிசையாகக் கேள்விக்குறி போட்டுவிடும். மொழிக்குத் தெரிந்தது ஜன்னலுக்குத் தெரியவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நாமெல்லாம் திஸ்கி, டாப் என்று வேறு எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டவைத்துப் பிழைப்பு நடத்தியது இதனால்தான்.

ஸ்விங் வந்தால் விடியும் என்று பார்த்தால், அங்கே வேறு விதமான இருட்டு. 'கொ' என்று எழுத, நினைவகத்தில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. திரையில் அந்தக் குறி இரண்டாக உடைய வேண்டும், கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். விண்டோஸ் 2000-இலும் எக்ஸ்பியிலும் இந்த வேலையைச் செய்ய யூனிஸ்க்ரைப் என்ற பகுதி இருந்தது. லதா எழுத்துருவும் கூடவே வந்தது. எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் போட்டு, சிடியைச் செருகி, மறுபடி கிளப்பியது ஞாபகம் இருக்கிறதா? அந்த டிக்தான். எஸ்டபிள்யூடி பெட்டி அசல் விண்டோஸ் பெட்டி என்பதால், டிக் போட்டவருக்குத் தமிழ் இலவசமாகக் கிடைத்தது. ஸ்விங் பாத்திரம் எல்லாவற்றையும் தானே சுமக்கிறது அல்லவா? ஆகவே எழுத்துகளைக் கோக்கும் வேலையையும் ஜாவாவே கற்றுக்கொண்டாக வேண்டும். 2002-ல் 1.4 வந்தபோது, புதிதாக இந்தியும் தாய் மொழியும் காட்டும் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் தமிழ் இல்லை. கோக்கும் எந்திரம் ஐபிஎம் வழி வந்தது, கடைசியில் ஐசியூ திட்டமே அதைக் கைவிட்டது. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9-ல்தான் அதை ஓரம் கட்டிவிட்டு ஹார்ஃப்பஸ் என்ற திறமூல எந்திரத்தை இயல்பாகவே வைத்தார்கள். லினக்ஸ் மேசைகளும் ஆண்ட்ராய்டும் ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்தும் அதே எந்திரம். சரம் 1996-ல் தயார். இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் உலகம் முழுக்கச் சோதித்துத் தேறிய ஒரு கோப்பான் ஜாவாவுக்கு வாய்த்தது. இதை எழுதும்போது கொஞ்சம் வயிறு எரிகிறது என்பதை மறைக்கவில்லை.

லினக்ஸ் பக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டிஃப் அப்போது கட்டற்ற மென்பொருள் இல்லை, போகப் போக யாருக்கும் பிடிக்கவும் இல்லை. 2004-ல் ஜாவா 5 லினக்ஸில் மோட்டிஃபை ஓரங்கட்டி, நேரடியாக எக்ஸ் விண்டோவிடம் பேசும் புதுப் பியர்களைப் போட்டது. முன்னெழுத்து 'எக்ஸ்'. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பியர்கள் பொத்தானை யாரிடமும் கேட்கவில்லை, மோட்டிஃப் மாதிரியே தாங்களே வரைந்தன. 'எம்' பியர்கள் 2011-ல் ஜாவா 7-உடன் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தன. இன்னொரு பக்கம் குனு கிளாஸ்பாத் என்ற கட்டற்ற முயற்சியில் ஜிடிகேவுக்கும் க்யூட்டிக்கும் தனித்தனிப் பியர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். சன் ஜாவாவையே திறந்துவிட்ட பிறகு அங்கே பழகிய சிலர் கச்சியோகவால்லோ என்ற திட்டம் ஆரம்பித்தார்கள் (இத்தாலியப் பாலாடைக்கட்டிப் பெயர், என்னைக் கேட்காதீர்கள்). வெறும் ஒரு வரைபலகையும் விசை, சுட்டி செய்திகளும் கொடுத்தால் போதும், மிச்சமுள்ள பியர் அத்தனையையும் ஸ்விங்கை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்பது அவர்களுடைய யோசனை.

அந்த மாதிரி யோசனைதான் மேக்கில் ஜெயித்தது. பல வருஷம் மேக் ஜாவாவை ஆப்பிளே பார்த்துக்கொண்டது. 2010 அக்டோபரில் இனி எங்களால் ஆகாது என்கிற தொனியில் கைகழுவியது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் சன் ஆரக்கிளிடம் போயிருந்தது. அடுத்த மாதமே ஓப்பன்ஜேடிகேவில் மேக் பணி தொடங்கி, 2012-ல் ஆரக்கிளின் மேக் பதிப்பு வந்தது. அதில் பியர்களின் முன்னெழுத்து 'எல்டபிள்யூ'. திறந்து பார்த்தால் பழைய ஏடபிள்யூடி பொத்தானுக்குள் ஒரு ஸ்விங் பொத்தான் ஒளிந்துகொண்டு வரைந்துகொண்டிருக்கும். ஏடபிள்யூடிக்கு மேலே ஏறி உட்காரப் பிறந்த ஸ்விங், கடைசியில் ஏடபிள்யூடியையே தூக்கிச் சுமக்கிறது.

ஆப்லெட்டுகள் போய்விட்டன. உலாவிக்கான செருகியை 2018-ல் ஜாவா 11 நீக்கிவிட்டது. ப்ளூஜேகூட 2017-ல் நான்காம் பதிப்பிலிருந்து ஜாவாஎஃப்எக்ஸ் பக்கம் போய்விட்டது, அதுவும் எல்லாவற்றையும் தானே வரையும் கட்சி. ஆனால் செத்துவிட்டது என்று பலமுறை கருமாதி செய்யப்பட்ட ஸ்விங் சாகவில்லை. அலைபேசிச் செயலி எழுதுகிறவர்கள் தினமும் திறக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, ஸ்விங்கில் கட்டியதுதான்.

ஆகவே பியர் எழுதும் வேலையும் முடியவில்லை. லினக்ஸில் எக்ஸ் விண்டோவின் இடத்துக்கு வேலேண்ட் வந்துகொண்டிருக்கிறது. எக்ஸில் எந்த நிரலும் தன் ஜன்னல் திரையில் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம், தள்ளி வைக்கலாம், மொத்தத் திரையையும் படம் பிடிக்கலாம். வேலேண்டில் பாதுகாப்புக் காரணமாக இதெல்லாம் இஷ்டத்துக்கு நடக்காது. ஜாவா நூலகமோ முதல் நாளிலிருந்து இவை கிடைக்கும் என்று நம்பிக் கட்டியது. 2023-ல் வந்த ஜாவா 21, வேலேண்டில் திரைப்படம் பிடிக்கப் பயனரிடம் அனுமதி கேட்டு வாங்கும் வழியைச் சேர்த்தது. ஜன்னல்களுக்கு எக்ஸ்வேலேண்ட் என்ற மொழிபெயர்ப்பாளர் துணை இருக்கிறது. அந்தத் துணையும் இல்லாமல் நேரடியாகப் பேச வேக்ஃபீல்ட் என்ற திட்டம் ஓப்பன்ஜேடிகேவில் தொடங்கியது. அங்கே புதுப் பியர்களின் முன்னெழுத்து 'டபிள்யூஎல்'.